மருந்தை நிறுத்தலாம், ஆய்வை விட வேண்டியதில்லை

இதய நோயும் உடல் பருமனும் சேர்ந்தே இருப்பவர்களிடம் நடத்தப்படும் மருந்து ஆய்வுகளில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். சம்மதப் படிவத்தை விளக்குவது, இரத்தம் எடுப்பது, ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது, இடுப்பளவு எடுப்பது, வராதவர்களைத் தொலைபேசியில் அழைப்பது என்று என் நாள் போகும். புதிதாகச் சேர வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சிஸ்டர், எனக்குக் கிடைப்பது உண்மையான மருந்தா, வெறும் ஊசியா?" எனக்கும் தெரியாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. உண்மையிலேயே எனக்கும் தெரியாது, ஆய்வு மருத்துவருக்கும் தெரியாது. பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில், சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும் என்றால் மட்டும் மருத்துவர் அந்த இரகசியத்தைத் திறந்து பார்க்க எந்நேரமும் வழி வைத்திருப்பார்கள்.

ஆனால் ஒரு ஆய்வின் தலைவிதியைத் தீர்மானிக்கிற கேள்வி வேறு. ஆய்வு முடியும்போது இந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்குமா? மருந்தை நிறுத்துவது ஒன்று, ஆய்விலிருந்து விலகுவது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நல்ல மனிதர்கள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகவும், நாளை இப்படி ஒரு ஆய்வில் சேரலாமா என்று யோசிக்கப் போகிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

"எடை குறைந்தால் இதயத்துக்கு நல்லதுதானே, அதைச் சொல்ல எதற்கு இத்தனை ஆண்டுகள், இத்தனை ஆயிரம் பேர்?" என்று கூட வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நான் சிபுட்ரமின் மாத்திரையைப் பற்றிச் சொல்வேன். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் மாத்திரை அது. எடை குறைந்தது உண்மை. கூடவே இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கொஞ்சம் ஏறியதும் உண்மை. மொத்தத்தில் இதயத்துக்கு லாபமா நட்டமா என்று பார்ப்பதற்காக ஸ்கவுட் என்ற ஆய்வு நடந்தது. இதய நோயோ, இரண்டாம் வகை நீரிழிவோ, இரண்டுமோ இருந்த சுமார் 9,800 பேர் அதில் இருந்தார்கள். 2010-இல் வெளிவந்த முடிவு இது: மாரடைப்பு, பக்கவாதம், இதயம் நின்று மீட்கப்படுதல், இதய நோயால் மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, மாத்திரை எடுத்தவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. மருந்து இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. எடை இறங்கிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன. அந்த ஆண்டே பல நாடுகளில் அந்த மாத்திரை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1997-இல், ஃபென்ஃப்ளூரமின் என்ற எடைக் குறைப்பு மருந்து இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டது.

எடை இயந்திரம் காட்டும் எண் இதயத்தைப் பற்றி நேரடியாக எதையும் சொல்லிவிடாது என்பது இந்தத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். மருந்து இல்லாத வழியில்கூட இது எளிதாக இருந்ததில்லை. லுக் அஹெட் என்ற ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவும் அதிக எடையும் உள்ள 5,145 பேரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்குத் தீவிரமான உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். எடை குறைந்தது. ஏறத்தாழ பத்தாண்டு பார்த்தும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்று 2012-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். இதைக் கேட்டு "அப்படியானால் நடந்து என்ன பயன்?" என்று சோர்ந்து போகிறவர்கள் உண்டு. அந்தச் சோர்வு தேவையில்லை. அதே ஆய்வில் சர்க்கரை கட்டுப்பட்டது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை குறைந்தது, உடல் இயக்கம் மேம்பட்டது. ஆய்வு கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் மட்டும் 'இல்லை'.

பிறகுதான் வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளின் காலம் வந்தது. செமாகுளுடைடு ஊசியை வைத்து நடந்த செலக்ட் ஆய்வின் முடிவு 2023 நவம்பரில் வெளியானது. 41 நாடுகளில் 17,604 பேர். எல்லோருக்கும் வயது 45 அல்லது அதற்கு மேல், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 27 அல்லது அதற்கு மேல், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் இரத்தக் குழாய் அடைப்போ உள்ளவர்கள், நீரிழிவு இல்லாதவர்கள். சராசரியாக மூன்றே கால் ஆண்டுக்கும் மேல் பின்தொடர்ந்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று ஊசி மருந்து பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கும், போலி ஊசி பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் நேர்ந்தது. இந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன். இப்போது கவனிக்க வேண்டியது வேறு: ஒன்றரை சதவீத வேறுபாட்டை நம்பும்படி நிறுவ 17,604 பேர் தேவைப்பட்டார்கள். வேறுபாடு இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது, இருபுறமும் சில நூறு பேர் காணாமல் போனாலே முடிவு ஆட்டம் கண்டுவிடும்.

சம்மதப் படிவத்திலிருந்து தொடங்குகிறேன். அது பல பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தைப் புரட்டி "எங்கே கையெழுத்து?" என்று கேட்பவர்களை நான் அன்று கையெழுத்துப் போட விடுவதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வரச் சொல்வேன். அப்படிக் கொடுத்து அனுப்புவதற்கு யாராவது தயங்கினால், அந்த இடத்தில் சேரவே வேண்டாம் என்பது என் கருத்து. படித்துவிட்டு வந்தவர்களிடம் "இந்த ஆய்வில் உங்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். அவர் தம் சொந்த வார்த்தையில் சொல்லும்போதுதான் எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்பது வெளியே வரும். "மருந்து நல்லதா கெட்டதா என்று உங்களுக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் வருகிறேன், சரிதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதைவிடத் தெளிவாக நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்டே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வு முடிந்த பிறகு, மருந்து எனக்கு உதவியிருந்தால், தொடர்ந்து கிடைக்குமா? இந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் யார்? பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவை நான் நேரடியாகத் தொடர்புகொள்ள எண் எங்கே? இந்தக் கடைசி எண் படிவத்திலேயே இருக்கும். ஆய்வு மருத்துவரைத் தாண்டிப் புகார் சொல்ல வேண்டியிருந்தால் அதுதான் வழி. அதன் மேல் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு மருந்து நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளுக்கு மாற்று கிடையாது. புதிய ஊசி வந்துவிட்டது என்று கொலஸ்டிரால் மாத்திரையையும் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அந்த உறையாமை மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது போலி ஊசியாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. எடை குறையத் தொடங்கினால் இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைக்க நேரலாம். அதுவும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

அளவெடுப்பது சின்ன வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு ஆய்வின் நேர்மை அந்த அறையில்தான் தெரியும். இடுப்பளவை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு நேராக நாடாவைச் சுற்றிப் படித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பருமனான உடலில் தொப்புள் கீழிறங்கியிருக்கும், ஆளுக்கு ஆள் இடம் மாறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறைப்படி, கடைசி விலா எலும்பின் அடி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் குறியிட்டு, அந்த மட்டத்தில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். நாடா தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. அவர் இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் கணத்தில் படிக்க வேண்டும். இருமுறை எடுத்து, இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சராசரி, இல்லையென்றால் மறுபடி. ஆள் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார். கூச்சம். "மூச்சை விடுங்கள் ஐயா, இங்கே யாரும் உங்களை எடை போட்டுத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் தோள் தளரும் வரை காத்திருப்பேன். 2005-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் ஒரு பகுதி, 52 நாடுகளின் மக்களிடம், மாரடைப்பு அபாயத்தை பிஎம்ஐயைவிட இடுப்புக்கும் பின்புறச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் நன்றாகக் காட்டுகிறது என்று கண்டது. அந்த ஒரு சென்டிமீட்டருக்காக நான் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் அதுதான்.

இரத்த அழுத்தப் பட்டையும் அப்படித்தான். பருத்த கைக்குச் சாதாரண அளவுப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதன் விளைவாகத் தேவையில்லாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ. கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டையை எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். இது ஆய்வில் இல்லாதவர்களுக்கும் பயன்படும். மருத்துவமனையில் பட்டை உங்கள் கையில் பிதுங்கிக்கொண்டு பிய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், பெரிய பட்டை வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆறு நிமிட நடைச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயம் இறைக்க முடியாத நிலை, பற்றிய ஆய்வுகளில் இது வரும். முப்பது மீட்டர் நேரான தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஒரு கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ நடக்க வேண்டும். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாயலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு நிமிடமும் நான் சொல்ல வேண்டிய வாக்கியம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். "நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது." அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது. கூடவே நடக்கவும் கூடாது, என் வேகம் அவரை இழுத்துவிடும். ஒரு அம்மா நான்காவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். "வாருங்கள் அம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அவர் இன்னும் இருபது அடி நடந்திருப்பார், அந்த இருபது அடி மருந்தின் கணக்கில் ஏறியிருக்கும். சொல்லவில்லை. ஸ்டெப் எச்எஃப்பெஃப் என்ற 2023 ஆய்வில், பருமனும் ஒருவகை இதயச் செயலிழப்பும் உள்ள 529 பேரில், ஓராண்டு செமாகுளுடைடு ஊசி பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் சராசரியாக 21.5 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 மீட்டர். செவிலியரின் ஒரு ஊக்கச் சொல்லே அந்த அளவு மீட்டர்களை மாற்றிவிடக் கூடும் என்பதால்தான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பருமனானவர்களை வரவேற்கிற அறை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி வேண்டும். அதிக எடை தாங்கும் இயந்திரம், கதவைச் சாத்திய அறையில். எடையைக் கூடத்தில் உரக்கச் சொல்லிப் பதிவதை நான் அடியோடு வெறுக்கிறேன். அவமானப்பட்ட இடத்துக்கு மனிதர் திரும்பி வருவாரா? புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதல் நாளே சொல்வது இதைத்தான்.

இனி விலகலுக்கு வருகிறேன். எடைக் குறைப்பு ஆய்வுகளில் அதிகம் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை ஆய்வில் தனக்கு எது கிடைக்கிறது என்று ஒருவரால் எளிதில் ஊகிக்க முடியாது. இங்கே வீட்டிலேயே எடை பார்க்க முடியும். செலக்ட் ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 9.4 சதவீதம் இறங்கியது, போலி ஊசியினருக்கு ஒரு சதவீதம்கூட இறங்கவில்லை. சில மாதங்களில் ஆட்கள் தாமே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி ஒருவர். மாரடைப்புக்குப் பிறகு மிகுந்த நம்பிக்கையோடு சேர்ந்தவர். சோதனைக்கு வர வேண்டிய நாளில் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். "எடை இயந்திரம் பொய் சொல்லாது சிஸ்டர். எனக்கு வெறும் ஊசிதான். அதற்கு நான் எதற்கு அலைய வேண்டும்?" என்றார். கோபம் இல்லை, ஏமாற்றம். சேர்ந்தபோது என்னென்ன நினைத்துக்கொண்டு சேர்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, உங்கள் ஊசியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெறும் ஊசி என்றே வைத்துக்கொள்வோம். மருந்து போட்டுக்கொண்டவர்களில் இத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று நாளை ஒரு எண் வரும். அது கூடுதலா குறைவா என்று எதை வைத்துச் சொல்வார்கள்? உங்களை வைத்துத்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஊசி வேண்டாம், போனில் பேசுகிறேன், அது போதுமா?" என்றார். போதும். தாராளமாகப் போதும். அதன் பிறகு குறித்த இடைவெளியில் அழைப்பேன். மருத்துவமனையில் சேர்ந்தீர்களா, நெஞ்சு வலி வந்ததா, புதிய மருந்து உண்டா என்று கேட்டுப் பதிவேன். கடைசியில் யாருக்கு எது என்று தெரிந்தபோது, அவருக்குக் கிடைத்திருந்தது மருந்துதான். மருந்து எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. வீட்டு எடை இயந்திரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பக்கம் நூறு பேர் மருந்தோடும், இன்னொரு பக்கம் நூறு பேர் போலி ஊசியோடும் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்தினால் குமட்டல் தாங்காமல் பத்துப் பேர் போய்விடுகிறார்கள். அந்தப் பத்துப் பேர் ஏற்கெனவே உடல் நலிந்தவர்களாக இருந்தால்? மிச்சமிருக்கும் தொண்ணூறு பேரை மட்டும் எண்ணினால் மருந்து அற்புதமானதாகத் தெரியும். உண்மையில் நலிந்தவர்கள் வெளியேறியதால் வந்த தோற்றம் அது. அதனால்தான் குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ, அந்தப் பக்கத்திலேயே கடைசி வரை ஒருவரை எண்ணுகிறார்கள், ஒரே ஒரு ஊசியோடு நிறுத்தியிருந்தாலும் சரி. ஆளே கிடைக்கவில்லை என்றால் எதை எண்ணுவது? செலக்ட் ஆய்வில் பக்கவிளைவு காரணமாக மருந்தை நிரந்தரமாக நிறுத்தியவர்கள் மருந்துப் பக்கம் 16.6 சதவீதம், மறுபக்கம் 8.2 சதவீதம். பெரும்பாலும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற வயிற்றுத் தொல்லைகள். நிறுத்தியவர்களையும் தொடர்ந்து எண்ணியதால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு.

எனவே தொல்லை வந்தால் என்னென்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள். ஊசியின் அளவைக் கூட்டாமல் அதே அளவிலேயே கொஞ்ச காலம் தொடரலாம். குறைக்கலாம். சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கலாம். ஊசியை முழுதாக விட்டுவிட்டுச் சோதனைக்கு மட்டும் வரலாம். நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசி. அதுவும் முடியாது என்றால், உங்கள் மருத்துவப் பதிவுகளை மட்டும் பார்த்துக்கொள்ள அனுமதி தரலாம். எல்லா ஆய்விலும் எல்லாமே கிடைக்கும் என்று இல்லை, ஆனால் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். இவை எதுவும் வேண்டாம், முழுதாக விலகுகிறேன் என்றால் அது உங்கள் உரிமை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சைக்கும் அதனால் குறை வரக் கூடாது. அப்படி விலகியவரிடம் முகம் கோணுகிற ஆய்வாளர் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவர். நான் கேட்பதெல்லாம், விலகுவதற்கு முன் நடுவில் இத்தனை படிகள் இருப்பது தெரிந்து முடிவெடுங்கள் என்பதுதான்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. செலக்ட் ஆய்வில் பெண்கள் 27.7 சதவீதம்தான். இதய ஆய்வுகளில் இது பழைய குறை. பெண்களிடம் ஆர்வம் இல்லை என்பார்கள்; நான் பார்த்தது அப்படி இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களை விட்டுவிட்டு அரை நாள் வர முடியாது என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொன்ன காரணம். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு உடனே போகலாம், மீதியைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தால் வருகிறார்கள். ஆய்வை வடிவமைப்பவர்கள் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டியது இது.

மருத்துவமனைத் தாள்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. ஆய்வில் இருக்கும் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால், அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கேதான் போவார். போகத்தான் வேண்டும். ஆனால் அது மாரடைப்பா இல்லையா என்பதை ஆய்வுக் கணக்கில் முடிவு செய்பவர் அந்த மருத்துவரும் இல்லை, எங்கள் மருத்துவரும் இல்லை. அதற்கென்று ஒரு தனிக் குழு இருக்கிறது. நோயாளிக்கு மருந்தா போலி ஊசியா என்று தெரியாத நிபுணர்கள். அவர்கள் இசிஜி தாளையும், இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் அளவுகளை எடுத்த நேரத்தோடும், ஆஞ்சியோகிராம் அறிக்கையையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். "மாரடைப்பு வந்து பிழைத்தார்" என்று ஒருவர் வாய்ச்சொல்லாகச் சொல்வது அங்கே நிற்காது. பல மாதம் கழித்து ஒரு இசிஜி நகலுக்காக வேறொரு மருத்துவமனையின் பதிவறையில் நான் காத்து நின்றிருக்கிறேன். அந்த இசிஜி தாள் வெப்பத்தில் அச்சானது, காலப்போக்கில் வெளுத்துவிடும். ஆகவே அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆய்வில் சேரும்போது கொடுக்கும் சிறிய அட்டையைப் பணப்பையில் வைத்திருங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், வழுக்கி விழுந்து கால் முறிந்தாலும்கூட, எங்களுக்குச் சொல்லுங்கள். மருந்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், தலைசுற்றி விழுந்திருக்கலாம். அதை ஆராய்வதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். நாங்கள் அதை அறிந்த 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டிய கட்டாயம் உண்டு.

முன்பு விட்டுவைத்த எண்ணுக்கு வருகிறேன். செலக்ட் முடிவு வந்தபோது "இதய ஆபத்து 20 சதவீதம் குறைகிறது" என்று செய்தி ஓடியது. பொய் இல்லை. எட்டிலிருந்து ஆறரைக்கு இறங்குவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறக்கம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு, "நூறு பேரில் இருபது பேர் தப்பிக்கிறார்கள்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படி இல்லை. நூறு பேரில் ஒன்றரை பேர். அதாவது அந்தக் கால அளவுக்கு ஏறத்தாழ 67 பேர் மருந்து எடுத்தால் ஒருவருக்கு வரவிருந்த மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ தவிர்க்கப்படுகிறது. இதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. பெரும்பாலும் மற்ற இதய மருந்துகளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கூடுதலாகக் கிடைத்த பலன் அது. ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கிய இதயங்கள். அதே ஆய்வில் இதய நோய் மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் குறைவு தெரிந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. செய்தியில் சதவீதத்தைப் பார்த்தால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். எத்தனை ஆண்டில் என்று கேளுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் என்னைப் போன்றவர்களா என்று கேளுங்கள். இதய நோய் வராதவருக்கு அந்த எண் பொருந்தாது. ஆசிய மக்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே ஆபத்து தொடங்குகிறது என்பதால் 23, 27.5 ஆகிய அளவுகளைக் கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் கூறியிருக்கிறது. 27-உம் அதற்கு மேலும் இருந்தவர்களை மட்டும் சேர்த்த ஆய்வு, அதற்குக் கீழே இருக்கும் ஆசியர்களுக்கு நேரடியாக எதையும் சொல்லவில்லை.

ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. அதே செமாகுளுடைடு ஊசியை வைத்து நடந்த ஸ்டெப் 1 என்ற ஆய்வில் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்திருந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இரத்த அழுத்தம் போன்றவையும் பழைய நிலையை நோக்கித் திரும்பின. பருமன் நாட்பட்ட நோய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மன உறுதி இல்லாததால் எடை ஏறிவிட்டது என்று தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு நான் இதைச் சொல்லிச் சொல்லித் தேற்றுகிறேன். அதே காரணத்துக்காக, கடைசி ஊசிக்குச் சில மாதம் முன்பே உங்கள் சொந்த இதய மருத்துவரிடம் அடுத்தது என்ன என்று பேசத் தொடங்கிவிடுங்கள். உங்களுக்குக் கிடைத்தது எது, ஆய்வின் முடிவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். மொத்த முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பங்கேற்பாளர்களுக்குத் தர வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது.

ஆய்வின் கடைசி மாதங்களில் எங்கள் வேலையில் பெரும்பகுதி ஆட்களைத் தேடுவதுதான். எண் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், பிள்ளையோடு வேறு ஊருக்குப் போயிருப்பார். ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வரித் தகவலுக்காகப் பழைய எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்ப்போம். நீங்கள் இப்போது ஏதாவது ஆய்வில் இருக்கிறீர்கள் என்றால், அல்லது பாதியில் போவதை நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், அந்த அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து உங்கள் இப்போதைய எண்ணையும், உங்களோடு இல்லாத இன்னொரு உறவினரின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். எத்தனை மாதம் கழித்து அழைத்தாலும் ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.